எழுதி வச்ச குறிக்கோள் ஏன் நடக்க மாட்டேங்குது, பிளான் பண்றது உள்ள என்னதான் வேலை செய்யுது

போன வாரம் அலமாரிய ஒழிச்சு வைக்கும்போது பழைய டைரி நாலு கையில சிக்குச்சு. நாலுலயும் முதல் பக்கம் மட்டும்தான் எழுதியிருக்கேன், அதுக்கப்புறம் வெறும் வெள்ளைத்தாள், நடுவுல எங்கயோ ஒரு போன் நம்பர், ஒரு கூட்டல் கணக்கு, அவ்ளோதான். சரி முதல் பக்கத்துல என்னதான் எழுதியிருக்கேன்னு பாத்தா நாலுலயும் அதே வரி, "இந்த வருஷம் உடம்ப நல்லா பாத்துக்கணும்". ஒண்ணுல மட்டும் "கண்டிப்பா"ன்னு சேத்து அடியில ரெண்டு கோடு வேற போட்டிருக்கேன். அந்த வருஷம்தான் இருக்குறதுலயே மோசமா போச்சுன்னு ஞாபகம்.

சிரிப்பு அடங்கினதும் ஒரு சந்தேகம். குறிக்கோள எழுதி வச்சா நடக்கும்னுதானே ஆளாளுக்கு சொல்றாங்க, நான் நாலு தடவ எழுதியிருக்கேனே, அப்புறம் ஏன் நடக்கல? இது என்ன ஏதுன்னு கொஞ்சம் தோண்டிப் பாத்ததுல கிடைச்சத இங்க எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கங்க.

முதல்ல ஒரு கதைய ஓரங்கட்டிடுவோம். மோட்டிவேஷன் பேச்சு எதையாவது கேட்டிருந்தா இது காதுல விழுந்திருக்கும், 1953ல யேல் யுனிவர்சிட்டில படிச்சு முடிச்சவங்கள்ல 3 சதவீதம் பேர் மட்டும்தான் குறிக்கோள எழுதி வச்சிருந்தாங்களாம், 20 வருஷம் கழிச்சு பாத்தா அந்த 3 சதவீதம் பேரோட சொத்து மீதி 97 சதவீதம் பேரோட மொத்த சொத்தையும் தாண்டி நின்னுச்சாம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அப்படி ஒரு ஆய்வு நடக்கவே இல்ல, யேல்காரங்களே தேடிப் பாத்துட்டு எங்ககிட்ட அப்படி ஒண்ணும் இல்லன்னு கைய விரிச்சிட்டாங்க. சில பேர் இதையே ஹார்வர்டுன்னு மாத்தி சொல்லுவாங்க, வருஷமும் ஊரும் மாறும், அந்த 3 மட்டும் மாறாது.

நிஜமா நடந்த ஆய்வுங்க இத விட சுவாரஸ்யமானது. எட்வின் லாக், கேரி லேதம்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட், குறிக்கோள் பத்தியே பல வருஷம் ஆராய்ச்சி பண்ணவங்க. லேதம் பண்ணதுல ஒண்ணு 1975ல வெளிவந்துச்சு, ஓக்லஹோமா பக்கம் காட்டுல வெட்டின மரத்த மில்லுக்கு ஏத்திட்டு போற லாரி டிரைவர்கள வச்சு. ஒரு லாரில சட்டப்படி இவ்ளோ எடை ஏத்தலாம்னு வரம்பு இருக்கு, ஆனா அவங்க ஏத்துனது அதுல சுமார் 60 சதவீதம்தான். அவங்கள தப்பு சொல்ல முடியாது, மரம் ஒண்ணொண்ணும் ஒரு தடிமன் ஒரு நீளம், கண்ணால பாத்து எடைய கணிக்கணும், கூடப் போனா வம்பு, அதனால குறைச்சலாவே ஏத்திட்டு கிளம்பிடுவாங்க. அதுவரைக்கும் மேல இருந்து வந்த உத்தரவு "உங்களால முடிஞ்ச அளவு ஏத்துங்க". லேதம் வந்து மாத்தினது ஒரே ஒரு விஷயம், வரம்புல 94 சதவீதம் ஏத்தணும், இதான் டார்கெட். சம்பளம் ஒரு பைசா ஏறல, டார்கெட்ட தொடலன்னா தண்டனையும் இல்ல. முதல் மாசம் 80 சதவீதம் கிட்ட போச்சு. ரெண்டாவது மாசம் 70க்கு இறங்கிடுச்சு, தண்டனை இல்லன்னு சொன்னாங்களே அது நெஜந்தானான்னு டிரைவருங்க ஆழம் பாத்திருக்காங்க, நானா இருந்தாலும் அதத்தான் பண்ணியிருப்பேன். மூணாவது மாசம் 90 சதவீதத்த தொட்டுச்சு, அப்புறம் அங்கயே நின்னுச்சு. அதே லாரி, அதே ஆளு, அதே காடு.

"முடிஞ்ச அளவு"ங்கற வார்த்தைல என்ன கோளாறுன்னா அதுக்கு அளவே கிடையாது. இன்னிக்கு நீங்க எவ்ளோ பண்ணாலும் அதுதான் இன்னிக்கு முடிஞ்ச அளவு. என் டைரி வரியும் அதே ரகம்தான், ஒரு நாள் லிப்ட்ல போகாம படியில ஏறினா போதும், ஆஹா உடம்ப நல்லா பாத்துக்கிட்டேன்னு அன்னிக்கு ராத்திரி நிம்மதியா தூங்கிடலாம். தோத்துப் போக முடியாத மாதிரி எழுதின குறிக்கோள் அது, அதனாலயே ஜெயிக்கவும் முடியல.

இங்க ஒரு விஷயத்த சொல்லாம விட்டா தப்பா போயிடும். குறிப்பா இவ்ளோன்னு சொல்லி, கொஞ்சம் கஷ்டமா வச்ச டார்கெட் வேலை செய்யும்னா அது நமக்கு ஏற்கனவே தெரிஞ்ச வேலைக்கு. டிரைவருக்கு மரம் ஏத்த தெரியும். புதுசா ஒண்ணு கத்துக்குற நேரத்துல நம்பர் டார்கெட் வச்சா அது இடைஞ்சலாவே ஆகிடலாம். 1989ல கேன்ஃபர், ஆக்கர்மன்னு ரெண்டு பேர், விமானங்கள கன்ட்ரோல் பண்ற மாதிரி ஒரு கம்ப்யூட்டர் வேலைய வச்சு பாத்தாங்க, வேலையே பிடிபடாத ஆரம்பத்துல டார்கெட் கொடுத்தவங்க தடுமாறினாங்க, மூளைல பாதி நம்பர் மேலயே போயிடுது. அதனால மொழி, கோடிங், நீச்சல்னு எதையாவது புதுசா ஆரம்பிக்கிறவங்க "மூணு மாசத்துல இவ்ளோ"ன்னு வைக்கிறத விட "இத பண்றதுக்கு மூணு வழி கத்துக்கறேன்"னு வச்சுக்கறது நல்லது.

சரி, நம்பர் வச்சாச்சு, தேதியும் போட்டாச்சு. ஸ்மார்ட் கோல் ஸ்மார்ட் கோல்னு ஆபீஸ்ல எல்லாம் சொல்வாங்களே, குறிக்கோள் எப்படி இருக்கணும்னு SMARTங்கற அஞ்சு இங்கிலீஷ் எழுத்த வச்சு சொல்றது, அது 1981ல ஜார்ஜ் டோரன்னு ஒருத்தர் எழுதின கட்டுரைலேர்ந்து வந்தது, அது மேனேஜர்களுக்காக எழுதினது. அதுல இருக்குற A-ங்கற எழுத்துக்கு அவர் கொடுத்த அர்த்தம், வேலைய யார்கிட்ட ஒப்படைக்கிறோம்ங்கறது. பின்னாடி வந்தவங்க அத முடியக்கூடியதுன்னு மாத்திட்டாங்க. கடைசி எழுத்து டைம், அதாவது எப்போ முடியணும். எனக்கு இடிக்கிற இடம் அதுதான், எப்போ முடியணும்னு எல்லாரும் கேக்கறாங்க, எப்போ ஆரம்பிக்கிறது எங்க உக்காந்து ஆரம்பிக்கிறதுன்னு யாரும் கேக்கறதில்ல.

அத கேட்டவர் பீட்டர் கோல்விட்சர்னு ஒரு ஜெர்மன் சைக்காலஜிஸ்ட். அவர் சொன்னது ரொம்ப சாதாரணம், "இத பண்ணணும்"னு நினைக்கிறது ஒண்ணு, "இந்த இடத்துல இந்த நேரத்துல இது நடந்ததும் நான் இத பண்ணுவேன்"னு முடிவு பண்றது வேற ஒண்ணு, முதல்லதுக்கும் ரெண்டாவதுக்கும் நடுவுல பெரிய பள்ளம் இருக்குங்கறார். 2002ல பிரிட்டன்ல 248 காலேஜ் பசங்கள வச்சு ஒரு ஆய்வு பண்ணாங்க, வாரத்துல ஒரு தடவையாவது 20 நிமிஷம் நல்லா வேர்க்க எக்சர்சைஸ் பண்ணணும், அவ்ளோதான் கேட்டது. முதல் குரூப்ப சும்மா விட்டுட்டாங்க, அதுல 38 சதவீதம் பேர் பண்ணாங்க. ரெண்டாவது குரூப்புக்கு எக்சர்சைஸ் பண்ணலன்னா இதயத்துக்கு என்ன ஆகும்னு விளக்கமா படிக்க கொடுத்தாங்க, 35 சதவீதம். மூணாவது குரூப்புக்கு அதே விளக்கம், கூடவே எந்த நாள் எத்தன மணிக்கு எந்த இடத்துல பண்ணப் போறீங்கன்னு ஒரு வரி எழுதச் சொன்னாங்க. 91 சதவீதம்.

இந்த ரெண்டாவது குரூப்ப கொஞ்ச நேரம் யோசிச்சுப் பாருங்க. உள்ள பயம் ஏறுச்சு, பண்ணணும்ங்கற ஆசையும் ஏறுச்சு, ஆனா நடந்தது சும்மா விட்டவங்க அளவுதான். நாம ராத்திரி ஒரு மணிக்கு மோட்டிவேஷன் வீடியோ பாத்து உடம்பு சிலிர்த்துட்டு காலைல ஒம்பது மணிக்கு எந்திரிக்கிறோமே, அந்த கேஸ்தான்.

அந்த ஒரு வரி எப்படி இவ்ளோ வேலை செய்யுதுன்னு என் வீட்டு உதாரணத்தையே சொல்றேன். சாயங்காலம் ஆறே கால், வேலை முடிஞ்சு கதவ திறக்கறேன், பைய கீழ வைக்கறேன், எதிர்ல நாற்காலி. உக்காந்து போன கையில எடுக்க நாப்பது செகண்ட் ஆகுமா? அந்த நாப்பது செகண்ட்லதான் இன்னிக்கு வாக்கிங் போறதா வேணாமாங்கற முடிவு நடக்குது, முடிவு எடுக்குற ஆள் யாருன்னு பாத்தா நாள் பூரா மண்டை காய்ஞ்சு வந்த நான். அந்த ஆள்கிட்ட என்ன கேட்டாலும் "நாளைக்கு பாத்துக்கலாம்"தான் பதில், அது சோம்பேறித்தனமும் இல்ல, அந்த நேரத்துல அவனுக்கு அவ்ளோதான் தெம்பு. பிளான்ங்கறது என்ன பண்ணுதுன்னா அந்த முடிவ அவன் கையிலேர்ந்து பிடுங்கி, ஞாயித்துக்கிழமை காலைல தெளிவா இருந்த என்கிட்ட கொடுக்குது. "கதவ திறந்ததும் பைய வச்சிட்டு நேரா ஷூ" அப்படின்னு ஞாயித்துக்கிழமைக்காரன் முடிவு பண்ணி வச்சிட்டான், ஷூவும் நாற்காலிக்கு முன்னாடியே கிடக்கு, ஆறே கால் மணிக்காரன் யோசிக்க ஒண்ணுமே இல்ல. நான் இத்தன நாளா பிளானிங்னா எதிர்காலத்த கணிக்கிறதுன்னு நினைச்சிட்டு இருந்தேன், அப்படியில்ல, முடிவ நல்ல நேரம் பாத்து முன்கூட்டியே எடுத்து வச்சுக்கறது.

இதுல இன்னொரு லாபமும் இருக்கு. செய்யாம பாதில நிக்கிற வேலைங்க மண்டைக்குள்ள நச்சரிச்சுட்டே இருக்கும்ல, 1927லயே ப்ளூமா ஸைகார்னிக்னு ஒரு சைக்காலஜிஸ்ட் பெர்லின்ல இத பத்தி எழுதினாங்க, முடிச்ச வேலைய விட பாதில நிறுத்தின வேலைதான் அதிகமா ஞாபகத்துல நிக்குதுன்னு. அந்த ஞாபக சமாச்சாரம் அப்புறம் வந்த ஆய்வு எல்லாத்துலயும் ஒரே மாதிரி வரல, அது வேற கதை. ஆனா 2011ல மாசிகாம்போ, பாமைஸ்டர்னு ரெண்டு பேர் பாத்தது எனக்கு ரொம்ப பிடிச்சது, முடிக்காத வேலை நினைப்புல இருக்குறவங்களுக்கு வேற எதையாவது படிக்க கொடுத்தா கவனம் சிதறுது, ஆனா அந்த வேலைய எப்போ எப்படி முடிப்பேன்னு முன்னாடியே ஒரு பிளான் எழுத விட்டா அந்த சிதறல் போயிடுது. வேலை முடியல பாருங்க, ஒரு துளி கூட நகரல, பிளான் மட்டும்தான் போட்டிருக்கு, அதுக்கே மண்டை "சரி இத பாத்துக்க ஆள் இருக்கு"ன்னு விட்டுடுது. ராத்திரி தூக்கம் வராம புரள்றவங்க ஒரு துண்டு பேப்பர்ல நாளைக்கு பண்ண வேண்டியத எழுதிட்டு படுத்துப் பாருங்க.

இப்போ நீங்க கேக்கலாம், பிளான் போட்டா மட்டும் அதுபடியா நடக்குது, எல்லாமே இழுத்துட்டுதானே போகுதுன்னு. நியாயமான கேள்வி. நமக்கு நேரத்த கணிக்க சுத்தமா வராது. கானமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு சைக்காலஜிஸ்ட் 1979லயே இதுக்கு ஒரு பேர் வச்சிட்டாங்க, திட்டமிடல் மயக்கம்னு தமிழ்ல சொல்லிக்கலாம். 1994ல ஒரு ஆய்வுல காலேஜ் பசங்ககிட்ட உங்க தீசிஸ் முடிக்க எத்தன நாள் ஆகும்னு கேட்டாங்க, சராசரியா 34 நாள்னு சொன்னாங்க. எல்லாமே சொதப்பினா எத்தன நாள் ஆகும்னும் கேட்டாங்க, 49 நாள் சுமாருக்கு வந்துச்சு. கடைசில ஆனது 55 நாளுக்கு மேல. சொதப்புற கணக்கையே நம்மாளுங்க நம்பிக்கையா போட்டிருக்காங்க பாருங்க. தனி ஆளுங்க மட்டும்னு இல்ல, சிட்னி ஓபரா ஹவுஸ் 1963க்குள்ள 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர்ல முடியும்னு ஆரம்பிச்சாங்க, 1973ல 10 கோடியே 20 லட்சம் டாலர்ல முடிஞ்சுது.

காரணம் என்னன்னா பிளான் போடும்போது நாம மனசுக்குள்ள ஒரு கதை ஓட்டுறோம், அந்த கதைல காய்ச்சல் வராது, நெட் கட்டாகாது, யாரும் கல்யாணத்துக்கு கூப்பிட மாட்டாங்க. போன தடவ இதே மாதிரி வேலைக்கு நிஜமா எத்தன நாள் ஆச்சுன்னு பழைய கணக்க எடுத்துப் பாக்குறதுதான் மருந்து, ஆனா அதத்தான் யாரும் பாக்கறதில்ல, போன தடவ ஏதோ ஸ்பெஷலா தடங்கல் வந்துச்சு இந்த தடவ வராதுன்னு ஒதுக்கிடறோம். தடங்கல் ஒவ்வொரு தடவையும் புதுசு, ஆனா தடங்கல் வரும்ங்கறது மட்டும் பழசு.

அப்போ கணிப்பு தப்பும்னு தெரிஞ்சே போடுற பிளான் எப்படி இருக்கும்? இதுக்கு நான் பாத்ததுலயே அழகான உதாரணம் அமுண்ட்சென். தென் துருவத்துக்கு 1911 டிசம்பர் 14ல முதல்ல போய் சேந்தவர். போற வழில திரும்பி வரும்போது சாப்பிட சாமான் புதைச்சு வைக்கணும், பனி பூரா ஒரே வெள்ளை, பனிமூட்டத்துல கொஞ்சம் விலகிப் போனாலும் புதைச்ச இடத்த தவறவிட்டுடுவாங்க. அமுண்ட்சென் "நான் சரியா வந்துடுவேன்"னு நம்பல. சாமான் இருக்குற இடத்துலேர்ந்து வழிக்கு குறுக்கால, ரெண்டு பக்கமும் பல கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையா கொடி நட்டு வச்சார், ஒவ்வொரு கொடிலயும் சாமான் எந்தப் பக்கம்னு தெரியுற மாதிரி அடையாளம். வழி தப்பினாலும் ஏதோ ஒரு கொடி கண்ல படும். அவரோட போட்டி போட்ட ஸ்காட் 1912 ஜனவரி 17ல துருவத்த தொட்டார், திரும்பும்போது பெரிய சாமான் கிடங்குக்கு சுமார் 18 கிலோமீட்டர் முன்னாடியே அவரும் கூட இருந்தவங்களும் உயிர விட்டாங்க, அந்த கிடங்க முதல்ல நினைச்ச இடம் வரைக்கும் கொண்டு போக முடியாம முன்னாடியே வச்சிருந்தாங்க. ஸ்காட் தோத்ததுக்கு குளிரு, குதிரைங்கன்னு நிறைய காரணம் உண்டு, பிளானே இல்லாதவர்னு சொல்றது அநியாயம். ஆனா அந்த கொடி வரிசை எனக்கு மறக்கவே மாட்டேங்குது. இவர் பிளான்லயே தன்னோட தப்புக்கும் இடம் வச்சிருக்கார்.

நம்ம அளவுல அந்த கொடி எப்படி இருக்கும்னா, ஷரிஃப், ஷூன்னு ரெண்டு பேர் 2017ல ஒண்ணு பாத்தாங்க, ஒரு குரூப்புக்கு வாரத்துல ஏழு நாளும் ஒரு வேலைய பண்ணணும்னு டார்கெட், இன்னொண்ணுக்கு அஞ்சு நாள், மூணாவதுக்கு ஏழு நாள்தான் ஆனா அவசரத்துக்கு ரெண்டு நாள் விட்டுக்கலாம். ரெண்டாவதும் மூணாவதும் கணக்குல ஒண்ணுதான, ரெண்டுலயும் அஞ்சு நாள் பண்ணா போதும். ஆனா மூணாவது குரூப்ல பாதிக்கு மேல டார்கெட்ட தொட்டாங்க, மத்த ரெண்டுலயும் கால்வாசி கிட்டதான். ரெண்டு நாள் கையிருப்பு இருக்குன்னு தெரிஞ்சா அத சும்மா செலவழிக்க மனசு வராது போல, அதே சமயம் ஒரு நாள் போச்சுன்னா "போச்சுடா எல்லாம்"னு மொத்தமா கைகழுவவும் தோணாது. 21 நாள்ல எதுவும் பழக்கமாயிடும்னு சொல்றாங்களே அதையும் ஓரங்கட்டுங்க, லண்டன்ல ஃபிலிப்பா லாலி குரூப் பாத்ததுல சராசரியா 66 நாள் வந்துச்சு, ஆளுக்கு ஆள் 18லேர்ந்து 254 வரைக்கும் போச்சு, நடுவுல ஒரு நாள் விட்டதால பெருசா ஒண்ணும் கெடலங்கறதும் அதுலயே இருக்கு.

டார்கெட் நல்லதுன்னு இவ்ளோ சொல்லிட்டு அது பண்ற கூத்தையும் சொல்லணும்ல. நான் நடக்க ஆரம்பிச்சதும் போன்ல தினம் 10,000 ஸ்டெப் வச்சேன். ஒரு நாள் ராத்திரி பதினொன்னே முக்காலுக்கு 9,300ல நிக்குது, தூங்கப் போக வேண்டியவன் ரூமுக்குள்ள சுவத்துக்கு சுவரு நடக்கறேன், தூக்கம் கெட்டு அடுத்த நாள் பூரா எரிச்சல். உடம்புக்காகத்தான நடக்க ஆரம்பிச்சேன், இப்போ நம்பருக்காக உடம்ப கெடுத்துக்கிட்டு இருக்கேன். அப்புறம்தான் படிச்சேன், அந்த 10,000 எந்த டாக்டரும் கணக்கு போட்டு கொடுத்தது இல்ல, 1965ல ஜப்பான்ல வந்த நடை எண்ணுற கருவியோட பேரு, மான்போ கேய், பேருக்கு அர்த்தமே பத்தாயிரம் ஸ்டெப் எண்ணுற மீட்டர். ஏதோ ஒரு விளம்பரத்துல பொறந்த நம்பருக்காக நான் பாதி ராத்திரில சுவத்த சுத்திட்டு இருந்திருக்கேன். தனிப்பட்ட குறிக்கோள்னு சொல்றோம், அதுல எத்தன நம்பர் நாமளா வச்சதுன்னு கேட்டா எனக்கு ஒண்ணு ரெண்டுதான் தேறுது.

இன்னொரு கூத்து, இத நான் கடைசியா பண்ணேன், முதல்லயே பண்ணியிருக்கணும். எனக்கு என்னென்ன குறிக்கோள் இருக்குன்னு எழுதினேன், எட்டு வந்துச்சு. வாக்கிங், ஒரு மொழி கத்துக்கறது, புக்கு படிக்கிறது, கிடார், ஒரு சர்டிபிகேட் பரிட்சை, இப்படி. ஒவ்வொண்ணுக்கும் எதிர்ல வாரத்துக்கு எத்தன மணி நேரம் வேணும்னு போட்டு கூட்டினா 31 மணி நேரம். வேலை, தூக்கம், வீட்டு வேலை, போக்குவரத்து எல்லாம் போக என் கையில மிஞ்சறது ஒம்பது. இத்தன வருஷமா நான் சோம்பேறி, எனக்கு மனவுறுதி இல்லன்னு என்னையே திட்டிட்டு இருந்தேன், 31 லிட்டர் தண்ணிய ஒம்பது லிட்டர் குடத்துல ஊத்திட்டு குடத்த திட்டின கதைதான்.

ஒம்பதுக்குள்ள வாக்கிங்கும் பரிட்சையும்தான் அடங்குச்சு, அதுவும் நெருக்கி. மொழிய அடுத்த வருஷத்துக்கு தள்ளினேன், ரெண்டு மூணு விஷயத்த அடிச்சே விட்டேன். கிடார அடிக்கும்போது பேனா கொஞ்ச நேரம் நின்னுச்சு, ஆறு வருஷமா அலமாரி மேலயே கிடக்கு, ஒவ்வொரு தடவ தூசி தட்டும்போதும் ஒரு சின்ன குத்து குத்தும். போன மாசம் அத அக்கா பையன்கிட்ட கொடுத்துட்டேன். வாங்கினதும் தரையில உக்காந்து கம்பிய டொய்ங் டொய்ங்னு தட்ட ஆரம்பிச்சிட்டான், எப்போ பிராக்டிஸ் பண்ணுவேன்னு கேக்க வாய் வரைக்கும் வந்துச்சு, கேக்கல.